கொற்கை: ஆறு விலகிய துறைமுகம்



சிவகாசிக்கு அண்மையில் வைப்பாற்றின் வடகரையில் வெம்பக்கோட்டை என்னும் ஊர் இருக்கிறது. கரிசல் மண்ணும், மானாவாரிப் பயிரும், தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளும் சூழ்ந்த வட்டாரம் அது. அங்கே 2022ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் அகழாய்வு நடத்தினர். மண்ணுக்குள்ளிருந்து கண்ணாடி மணிகளும், சுடுமண் உருவங்களும், அவற்றோடு ஏராளமான சங்கு வளையல்களும் கிடைத்தன. முழுமை பெறாத வளையல்களும் அறுத்தெடுத்த சங்குத் துண்டுகளும் கிடைத்திருப்பதால், சங்கறுக்கும் தொழிலே அவ்வூரில் நடந்திருக்கிறது என்று அறிஞர் கருதுகின்றனர்.

இதில் வியப்பு என்ன என்று கேட்கலாம். சங்கு கடலில் விளைவது. வெம்பக்கோட்டையோ கடலைக் காணாத ஊர். மழை பெய்தால் மட்டும் நீர் ஓடும் ஓர் ஆற்றின் கரையில், கடற்சங்கை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து அறுத்து வளையலாக்கினார்கள் என்றால், அச்சங்கு எங்கிருந்து வந்தது? தெற்கே, மன்னார் வளைகுடாவின் கரையிலிருந்துதான் வந்திருத்தல் வேண்டும். அக்கரையில் அந்நாளில் பெயர்பெற்று விளங்கிய துறைமுகம் கொற்கை. தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்தில் எழுந்த பட்டினம் அது. அதன் வரலாற்றைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அது வாழ்ந்த கதையைக் காட்டிலும், அது ஏன் மறைந்தது, மறைந்த பின் என்ன நேர்ந்தது என்பவை நம் சிந்தனைக்கு மிகுதியும் உரியவை.

இன்று கொற்கைக்குச் செல்பவர் கடலைத் தேடினால் ஏமாற்றமே அடைவர். தூத்துக்குடி மாவட்டத்தில், வயல்களும் வாழைத் தோட்டங்களும் பெரியதொரு குளமும் சூழ்ந்த சிற்றூராக அது விளங்குகிறது. கடல் அங்கிருந்து கிழக்கே ஆறேழு கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஆறும் ஊரை ஒட்டி ஓடவில்லை. தெற்கே தள்ளி ஓடுகிறது. துறைமுகம் என்பதற்கு எந்த அடையாளமும் கண்ணுக்குத் தெரியாது. பழைமையான வன்னிமரம் ஒன்றும், வெற்றிவேலம்மன் கோயிலும், அக்கசாலைப் பிள்ளையார் கோயிலும் மட்டுமே பழங்காலத்தை நினைவூட்டுகின்றன. அக்கசாலை என்ற சொல்லுக்கு நாணயம் அடிக்கும் இடம் என்பது பொருள். மன்னனின் நாணயச்சாலை பெயரளவில் ஒரு பிள்ளையாரோடு தங்கிவிட்டது.

கொற்கை பாண்டிய நாட்டின் முத்துத் துறை. சங்க நூல்களில் மதுரைக் காஞ்சி, அகநானூறு, நற்றிணை, ஐங்குறுநூறு முதலியவை கொற்கையையும் அதன் முத்தையும் பேசுகின்றன. பாண்டியரின் இளவரசர்கள் கொற்கையில் தங்கி ஆட்சிப் பயிற்சி பெறுவது வழக்கம் என்று கருதப்படுகிறது. கண்ணகியின் சினத்தால் மதுரை எரிந்து, நெடுஞ்செழியனும் மாண்டபின், கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் அரியணை ஏறினான் என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. சேரன், சோழன், பாண்டியன் ஆகிய மூவரும் உடன்பிறந்தாராய் முதலில் வாழ்ந்த ஊர் கொற்கையே என்பது மக்கள் வழிவழியாகச் சொல்லிவந்த கதை.

நம் நூல்கள் கூறுவதைப் பிற நாட்டார் எழுத்தும் உறுதி செய்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில், பெயர் அறியப்படாத கிரேக்க வணிகர் ஒருவர் செங்கடல் முதல் இந்தியக் கரை வரையுள்ள துறைமுகங்களைக் குறித்து ஒரு வழிகாட்டி நூல் எழுதினார். பெரிப்புளூஸ் எனப்படும் அந்நூலில் கொற்கை ‘கொல்கோய்’ என்று குறிக்கப்படுகிறது. அங்குள்ள முத்துக்குளிப்பு பாண்டிய அரசுக்கு உரியது என்றும், தண்டனை பெற்ற குற்றவாளிகளே கடலில் மூழ்கி முத்தெடுத்தனர் என்றும் அவர் எழுதியிருக்கிறார். உரோமானியச் சீமாட்டியரின் கழுத்தில் ஒளிர்ந்த முத்துக்குப் பின்னால் மூச்சடக்கி மூழ்கிய மனிதர்களின் துன்பம் இருந்தது என்பதை இந்த ஒரு குறிப்பு நமக்கு உணர்த்துகிறது. அடுத்த நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த தாலமி என்னும் புவியியல் அறிஞர், கொற்கையை ஒரு வணிக நகரமாகக் குறித்ததோடு, இன்று மன்னார் வளைகுடா என்று நாம் அழைக்கும் கடற்பகுதிக்கே கொற்கையின் பெயரை இட்டு வழங்கினார்.

எழுத்துச் சான்றுகளைவிட மண்ணின் சான்று இன்னும் பழையது. 1968-69ஆம் ஆண்டுகளில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை கொற்கையில் அகழாய்வு செய்தது. செங்கல் கட்டடப் பகுதிகளும், உறைகிணறுகளும், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் வெளிப்பட்டன. அங்கே கிடைத்த கரித்துண்டு ஒன்றை அறிவியல் முறையில் ஆராய்ந்தபோது அதன் காலம் கி.மு. 8ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்று தெரியவந்தது. 2021ஆம் ஆண்டில் மீண்டும் அங்கே அகழாய்வு நடைபெற்றது. ஆகவே, கிரேக்க வணிகர் எழுதுகோலை எடுப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கொற்கையில் மக்கள் வாழ்ந்தனர் என்பதில் ஐயமில்லை.

இத்துணைச் சிறப்புடைய துறைமுகம் எவ்வாறு வயல்வெளியாயிற்று? பகைவர் படையெடுத்து வந்து அதை அழித்தனரா? இல்லை. அதை வளர்த்த ஆறே அதை மூடியது.

தாமிரபரணி பொதிகை மலையில் பிறந்து ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடிக் கடலை அடைகிறது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டாலும் நீர் பெறும் ஆறு ஆதலால், ஆண்டின் பெரும்பகுதியில் அதில் நீரோட்டம் உண்டு. வெள்ளக் காலத்தில் அது மலையிலிருந்து மணலையும் வண்டலையும் வாரிக்கொண்டு வரும். சரிவில் விரைந்து ஓடும்போது மண்ணைச் சுமக்கும் ஆற்றல் நீருக்கு இருக்கிறது. சமவெளியை அடைந்து கடலைச் சந்திக்கும்போது நீரின் வேகம் குன்றுகிறது. சுமந்து வந்த மண் அடியில் படிகிறது. ஓராண்டில் படிவது சிறிதளவே. ஆயினும் நூறு ஆண்டு, ஐந்நூறு ஆண்டு என்று தொடரும்போது முகத்துவாரம் தூர்ந்துவிடுகிறது. கரை கடலுக்குள் வளர்கிறது. ஆறும் புதிய வழியைத் தேடிக்கொள்கிறது. மரக்கலங்கள் வந்து நின்ற இடத்தில் முதலில் தோணியும், பிறகு கட்டுமரமும், கடைசியில் ஏர்மாடும் நின்றன.

இந்த உண்மையை முதன்முதலாக ஆராய்ந்து விளக்கியவர் கால்டுவெல் ஐயர் எனலாம். இடையன்குடியில் வாழ்ந்த அவர் 1870-களில் கொற்கைக்கும் காயலுக்கும் சென்று, நிலத்தை நேரில் பார்த்து, தோண்டியும் ஆராய்ந்தார். மண்ணுக்குள் கடற்சிப்பிகள் இருப்பதைக் கண்டு, ஒரு காலத்தில் அங்கே கடல் இருந்தது என்று தெளிந்தார். 1881ஆம் ஆண்டு வெளியான திருநெல்வேலி வரலாற்று நூலில் இவற்றை அவர் விரிவாக எழுதியுள்ளார். கிரேக்க நூல்கள் கூறும் கொல்கோய் எது என்ற கேள்விக்கு, இக்குளக்கரைச் சிற்றூரே விடை என்பது அவர் உழைப்பால் நிலைபெற்றது.

கொற்கை தூர்ந்தது, ஆயின் வணிகம் நிற்கவில்லை. மக்கள் கடலைப் பின்தொடர்ந்தனர். கொற்கைக்குக் கிழக்கே, புதிதாக உருவான முகத்துவாரத்தின் அருகில் காயல் என்னும் பட்டினம் எழுந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், வெனிசு நகரத்து மார்க்கோ போலோ அவ்வூருக்கு வந்தார். ஆர்மூசு, ஏடன் முதலிய மேற்கு நாட்டுத் துறைகளிலிருந்து குதிரைகளையும் சரக்குகளையும் ஏற்றி வரும் கப்பல்களெல்லாம் காயலில் வந்து தங்கும் என்று அவர் வியந்து எழுதினார். இன்று அவ்வூரின் பெயரே பழைய காயல். கால்டுவெல் அங்கே சென்றபோது சீன நாட்டுப் பீங்கான் ஓடுகளும் அரபு நாட்டு மட்கல ஓடுகளும் நெடுந்தொலைவு சிதறிக் கிடப்பதைக் கண்டார். கொற்கைக்கு நேர்ந்ததே காயலுக்கும் நேர்ந்தது. ஆறு அதனையும் தூர்த்துவிட்டு மேலும் கிழக்கே சென்றது.

பின்னர் ஆற்றின் முகத்துவாரத்திலேயே புன்னைக்காயல் தலையெடுத்தது. 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் முத்துக்குளித்துறைக் கரையில் முதலில் தங்கள் நிலையத்தை அங்கேதான் அமைத்தனர். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் முதன்மை தூத்துக்குடிக்கு மாறியது. தூத்துக்குடியின் சிறப்பு யாதெனில், அது ஆற்றின் வாயில் அமையாமல் அதற்கு வடக்கே தள்ளி அமைந்தது என்பதே. வண்டலைக் கொண்டுவந்து கொட்டும் ஆறு அங்கே இல்லை. கடலலையைத் தடுக்கச் சிறு தீவுகள் வரிசையாக நின்றன. இரண்டு மூன்று முறை ஆற்றால் ஏமாற்றப்பட்ட துறைமுகம், இறுதியில் ஆற்றை விட்டே விலகி நின்றது என்று சொல்லலாம்.

1658ஆம் ஆண்டு டச்சுக்காரர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். 1825ஆம் ஆண்டு அது ஆங்கிலேயர் கைக்கு முற்றிலும் மாறியது. 1876ஆம் ஆண்டு மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை அமைந்தது. 1906ஆம் ஆண்டு வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தோற்றுவித்து, ஆங்கிலேயக் கம்பெனிக்கு எதிராகக் கொழும்புக்குக் கப்பல் விட்டது இத்துறையிலிருந்துதான். 1974ஆம் ஆண்டு அது நாட்டின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. 2011ஆம் ஆண்டில் அதற்கு வ.உ.சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டது. முத்துக்குளிப்பு மட்டும் 1961ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. கொற்கையை உலகறியச் செய்த தொழில், அதன் வழித்தோன்றலாகிய தூத்துக்குடியில் முடிவுற்றது.

ஆறு விலகித் துறைமுகம் கெடுவது தமிழ்நாட்டில் மட்டும் நேர்ந்ததன்று. செருமனி நாட்டில் ரைன் ஆற்றோடு ரூர் ஆறு கலக்கும் இடத்தருகே டூயிஸ்பர்க் என்னும் பழம்பெரும் நகரம் உண்டு. 883ஆம் ஆண்டு வடகடலிலிருந்து வந்த வைக்கிங்குக் கொள்ளையர் ரைன் ஆற்றின் வழியே ஏறிவந்து அவ்வூரைப் பிடித்துக் குளிர்காலத்தை அங்கே கழித்தனர் என்பதிலிருந்தே அதன் அக்காலச் செல்வ நிலையை அறியலாம். பேரரசரின் மாளிகை அங்கே இருந்தது. கொற்கையின் அக்கசாலையைப்போல, 11ஆம் நூற்றாண்டில் நாணயச்சாலையும் இருந்தது. ஆயினும், கி.பி. 1200-ஐ ஒட்டிய காலத்தில் ரைன் ஆறு தன் வளைவை அறுத்துக்கொண்டு மேற்கே நேர்வழியில் ஓடத் தொடங்கியது. நகரத்தைத் தழுவி ஓடிய பழைய கிளை சிறிது சிறிதாகத் தூர்ந்தது. பல இடங்களுக்குச் சரக்கனுப்பிய நகரம், உழவர் வாழும் சிற்றூராகத் தேய்ந்தது.

இதுவரை இரண்டு ஊர்களின் கதையும் ஒன்றே. இனித்தான் அவை வேறுபடுகின்றன.

வணிகம் போனபின் டூயிஸ்பர்க் கல்வியை ஏற்றது. புகழ்பெற்ற நிலப்படவியலாளர் கெரார்டு மெர்க்காட்டர் 1552ஆம் ஆண்டு அங்கே குடியேறினார். கப்பலோட்டிகளுக்கு இன்றும் பயன்படும் முறையில் அமைந்த தம் உலகப் படத்தை அவர் 1569ஆம் ஆண்டு வெளியிட்டது, கப்பல் வராத அந்த நகரத்திலிருந்துதான். அவருடைய மாணவர் யோகன்னஸ் கொர்புட்டியஸ் என்பவர் தேவாலயக் கோபுரத்தின்மேல் ஏறி அளவெடுத்து, 1566ஆம் ஆண்டு நகரத்தின் படத்தை வீடு வீடாக, தெருத் தெருவாக வரைந்தார். 1655ஆம் ஆண்டு அங்கே ஒரு பல்கலைக்கழகமும் தோன்றி, 1818 வரை நடந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஊர் வணிகர்கள் பங்குப் பணம் திரட்டி, 1828ஆம் ஆண்டு தொடங்கி ரைன் ஆற்றுக்கு ஒரு கால்வாயை வெட்டினர். பின்னர் ரூர் ஆற்றோடும் கால்வாய் இணைந்தது. நிலக்கரியும் இரும்பும் வந்தன. விலகிச் சென்ற ஆற்றை மக்கள் தங்கள் கையால் மீட்டுக்கொண்டனர். இன்று டூயிஸ்பர்க் ஐரோப்பாவின் மிகப்பெரிய உள்நாட்டு ஆற்றுத் துறைமுகமாகத் திகழ்கிறது. இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சால் அந்நகரம் பேரழிவு அடைந்தது. ஆயினும் பழைய சந்தை எங்கே இருந்தது, மதில் எங்கே ஓடியது என்று அகழாய்வாளர் அறிய விரும்பினால், 1566ஆம் ஆண்டுப் படத்தை விரித்துப் பார்க்கிறார்கள்.

கொற்கைக்கு அத்தகைய படம் ஒன்று இல்லை. அதன் தெருக்கள் எத்தனை, பண்டகசாலைகள் எங்கே நின்றன, முத்தை யார் எடைபோட்டார், மூழ்கியவர்களின் பெயர் என்ன என்பவற்றை எழுதிவைத்த ஏடு நமக்குக் கிடைக்கவில்லை. புலவர் முத்தைப் பாடினர். கிரேக்கர் துறையைக் குறித்தனர். எஞ்சியவற்றை வண்டல் மூடிவிட்டது. தாமிரபரணிக் கரையில் சற்று மேற்கேயுள்ள ஆதிச்சநல்லூரின் கதையை எண்ணிப் பாருங்கள். 1876ஆம் ஆண்டு பெர்லின் நகரத்து அறிஞர் யாகோர் அங்கே முதன்முதலாகத் தோண்டி, கிடைத்த பழம்பொருள்களைத் தம் ஊருக்குக் கொண்டு சென்றார். நம் முன்னோர் புழங்கிய கலங்களைக் காண நாம் செருமனிக்குச் செல்ல நேர்ந்தது. தம் ஊரின் வரலாற்றைத் தாமே தேடாதவர்க்கு, அதைப் பிறர் தேடி எடுத்துச் செல்வதைத் தடுக்கும் வழியில்லை.

ஆறு விலகுவது இயற்கை; அதற்கு யாரும் பொறுப்பல்லர். ஊரின் நினைவு விலகுவதோ மக்களின் குறை. கொற்கையின் வரலாறு நமக்குக் கூறும் பாடம் இதுவே என்று நான் கருதுகிறேன்.

இந்தப் பாடம் விருதுநகர், சிவகாசி வட்டாரத்து மாணவர்களுக்குச் சிறப்பாக உரியது. உங்கள் ஊர்களுக்குத் தாமிரபரணி போன்ற ஆறு இல்லை, துறைமுகமும் இல்லை. இருந்தும், விருதுபட்டி என்று வழங்கிய விருதுநகர் தென்னாட்டின் பெரிய வணிக நகரங்களுள் ஒன்றாயிற்று. மாட்டு வண்டிகளில் சரக்கேற்றி வந்த வணிகர், இரவில் வண்டியும் மாடும் பொருளும் பாதுகாப்பாக இருக்கும்பொருட்டு, மதில் சூழ்ந்த பேட்டைகளை அமைத்தனர். விற்கும் சரக்குக்கு இவ்வளவு என்று தம்மில் ஒரு தொகையை மகமையாக எடுத்துப் பொதுச் செலவுக்கு வைத்தனர். கப்பலுக்குத் துறை எவ்வாறோ, அவ்வாறே வண்டிக்குப் பேட்டை. நீரில்லாத நிலத்தில் அமைந்த துறைமுகம் அது. பருத்தியும் மிளகாயும் பயறு வகைகளும் அங்கே விலை பேசப்பட்டன. 1876ஆம் ஆண்டு இருப்புப்பாதை வந்தபின், தூத்துக்குடித் துறைமுகத்தோடு அதன் தொடர்பு மேலும் நெருங்கியது.

டூயிஸ்பர்க் வணிகர் பங்குப் பணம் திரட்டிக் கால்வாய் வெட்டினர் என்று சொன்னேன். விருதுநகர் மக்கள் 1889ஆம் ஆண்டு சத்திரிய வித்தியாசாலை என்னும் பள்ளியை நிறுவினர். அதற்காக வீடுதோறும் பிடியரிசி எடுத்து வைத்தனர். அப்பள்ளியில் படித்தவருள் ஒருவர், 1903ஆம் ஆண்டு அவ்வூரில் பிறந்து பின்னாளில் தமிழகத்தின் முதலமைச்சரான காமராசர். சிவகாசியோ, வானம் பொய்க்கும் வறண்ட நிலையையே வாய்ப்பாக்கிக்கொண்டது. 1922ஆம் ஆண்டு அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். ஈரமில்லாத காற்று அத்தொழிலுக்கும், பின்னர் பட்டாசுத் தொழிலுக்கும் துணையாயிற்று. இயற்கை கொடாத ஒன்றைக் கூட்டு முயற்சியால் ஈடுசெய்த வரலாறு உங்களுடையது.

ஆயின் அவ்வரலாறும் தூர்ந்துபோகக் கூடியதே. பேட்டைகளின் மதில்கள் இடிகின்றன. பழைய மகமைக் கணக்குப் புத்தகங்களைச் செல் அரிக்கிறது. வண்டிப் பாதையில் பொதி ஏற்றிச் சென்ற தலைமுறையின் சொற்களைக் கேட்டு வளர்ந்த முதியவர்கள் ஒவ்வொருவராக மறைகின்றனர். தீப்பெட்டி ஆலையில் குச்சி அடுக்கிய பெண்களின் உழைப்பைப் பற்றி அவர்களே சொன்னால்தான் உண்டு. முத்தெடுக்க மூழ்கியவர்களின் பெயர்களை நாம் இழந்ததுபோல் இவர்களின் பெயர்களையும் இழந்துவிடலாகாது.

நாட்டுக்கெல்லாம் நாட்காட்டியும் நோட்டுப் புத்தகமும் அச்சிட்டுத் தரும் ஊர் சிவகாசி. தாளுக்கும் மைக்கும் உங்களிடம் பஞ்சமில்லை. விடுமுறை நாளில் உங்கள் ஊரின் தெருக்களை நடந்து அளந்து ஒரு படம் வரையுங்கள். எந்த இடத்தில் எந்தப் பேட்டை இருந்தது, எந்தக் கிணறு யார் வெட்டியது, எந்தச் சரக்கு எங்கிருந்து வந்தது என்று பெரியவர்களைக் கேட்டு எழுதி, தேதியிட்டு, பள்ளி நூலகத்தில் வையுங்கள். கொர்புட்டியஸ் டூயிஸ்பர்க்கின் படத்தை வரைந்தபோது, நானூறு ஆண்டு கடந்தும் அது பயன்படும் என்று எண்ணியிருப்பாரா என்பது ஐயமே. அன்று தம் கண்முன் இருந்ததை அவர் பிழையின்றிக் குறித்தார்.

வெம்பக்கோட்டையின் சங்கு வளையல் கொற்கைக் கரைக்கு நம்மை அழைத்துச் சென்றது. அவ்வளையலை அறுத்தவர் தம் பெயரை அதில் எழுதவில்லை. நீங்கள் எழுதக் கற்றவர்கள். ஆதலால் அந்தக் கடமை உங்களுடையது.